வீடு அழகு, குடியிருந்தவன் எங்கே?

"கலையில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று நமக்கு உபதேசிக்கும் கனவான்கள் உண்டு. மலை, மேகம், சரிவில் ஒரு சிறு வீடு - இப்படி ஒரு படத்தைக் கண்டால் போதும், "அடடா, என்ன அமைதி!" என்று சொக்கிப்போவார்கள். அந்த வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். நாம் கேட்கத்தான் செய்வோம்.

ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1851ல் எட்வின் லேண்ட்சீர் தீட்டிய 'பள்ளத்தாக்கின் மன்னன்' உலகப் புகழ் பெற்றது. பனிமூட்டம் கவிந்த மலைகள். முன்னே கொம்பு விரித்த கலைமான். மருந்துக்குக்கூட ஒரு வீடு இல்லை, ஆள் இல்லை. அந்த மலைநாடு வெறிச்சோடியது எப்படி? மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விடை தருகிறார். 1814 முதல் 1820 வரை சதர்லாந்து சீமாட்டி 15,000 மக்களை, ஏறத்தாழ 3,000 குடும்பங்களை, நிலத்தை விட்டுத் துரத்தினாள். ஊர்கள் இடிக்கப்பட்டன; கொளுத்தப்பட்டன. 1825ல் அங்கே 1,31,000 ஆடுகள் மேய்ந்தன. பின்னர் மேய்ச்சல் நிலத்திலும் ஒரு பகுதி பிரபுக்களின் மான் வேட்டைக் காடாயிற்று. கனவான்கள் மெச்சும் அமைதி, அடித்துத் துரத்திப் பெற்ற அமைதி!

2017ல் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடம் அந்த மானை 40 லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. அதே கூடத்தில் வேறொரு படமும் இருக்கிறது: ஜோன் ஏர்ட்லி 1963ல் தீட்டிய 'குளிர்காலத்தில் காட்டர்லைன்'. காட்டர்லைன், வடகிழக்குக் கரையில் ஒரு மீனவர் சிற்றூர். கருத்த வானம், குன்றின்மேல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் எளிய வீடுகள்.

கிளாஸ்கோ சேரிக் குழந்தைகளைத் தீட்டிய கை அது. காட்டர்லைனில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீட்டிலே ஏர்ட்லி வாழ்ந்தார். புயலில் பலகையை நிறுத்தி வரைந்தார். அவ்வூர்ப் படங்கள் சிலவற்றில் வண்ணத்தோடு நிஜப் புல்லையும் விதைக்கதிரையும் மணலையும் சேர்த்து ஒட்டினார். அவ்வூர் மண்ணே படத்தில் ஏறியது. 1963லேயே, 42 வயதில், மறைந்தார்.

"இதில் கொடி எங்கே, கோஷம் எங்கே? ஆட்களைக்கூடக் காணோமே?" என்று நம்மவர்களிலும் சிலர் கேட்கலாம். கோஷம் இல்லைதான். ஆனால் காற்றையும் கடலையும் எதிர்த்து நிற்கும் வீட்டை இவ்வளவு நெருங்கிப் பார்த்தவர், உழைப்பவன் வாழ்வை மறைக்கவில்லை. லேண்ட்சீர் படத்தில் ஆளில்லாத மலை ஆண்டவன் படைப்புப்போல நிற்கிறது. ஏர்ட்லி படத்தில் ஒவ்வொரு சுவரும் கட்டிய கையைச் சொல்கிறது.

அழகுக்கு நாம் விரோதிகளல்ல. அழகின் பெயரால் குடியிருந்தவனை மறக்கச் சொல்லும் சூழ்ச்சிக்கே விரோதிகள். படத்தை ரசியுங்கள், ரசித்துவிட்டுக் கேளுங்கள்: நிலம் யாருடையது?