புரையேறியதா என்று கேளுங்கள்

1897-இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில், 63 வயது விவசாயி ஒருவரின் வலது மூச்சுக்கிளைக் குழாயில் சிக்கிய பன்றி எலும்பை, வாய்வழியே உலோகக் குழாயைச் செலுத்தி எடுத்தார் குஸ்டாவ் கிலியான். நெஞ்சைக் கிழிக்கவில்லை. பிராங்கோஸ்கோபி அப்படித்தான் பிறந்தது. 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகேடா வளையும் குழாயைக் கொண்டுவந்தார்.

எடுக்க வழியிருக்கிறது. கண்டுபிடிப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

குழந்தைக்குப் புரையேறினால் வீடே பதறும். பெரியவர்களோ இருமி, தண்ணீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உள்ளே போன பாக்குத் துண்டோ, மாத்திரையோ, உடைந்த பல்செட்டின் துணுக்கோ பெரும்பாலும் வலப்பக்கம் இறங்கும். அந்தக் கிளை அகலமானது, செங்குத்தானது. குழாய் முழுதாக அடைபடாவிட்டால் திணறலும் இராது. மாதங்கள் கழித்து விடாத இருமல், ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம், அதே இடத்தில் மறுபடி நிமோனியா. ஆஸ்துமா என்று இன்ஹேலர் தரப்படுகிறது. காசநோயோ என்று சளி பரிசோதிக்கப்படுகிறது. எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், பாக்கும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று நிம்மதி அடைவது இங்கே ஆபத்து.

நாள்பட்டால் பொருளைச் சுற்றிச் சதை வளர்ந்து, புற்றுக்கட்டி போலவே தோன்றும். தொட்டால் ரத்தம் கசியும். சில நிமிட வேலை சிக்கலாகிவிடும்.

அதே இடத்தில் இரண்டாம் முறை நிமோனியா வந்தால், அடுத்த ஆன்டிபயாடிக் எழுதுமுன் சிடி ஸ்கேனையும் பிராங்கோஸ்கோபியையும் மருத்துவர்கள் யோசித்தே ஆக வேண்டும். பக்கவாதம் வந்தவர், பல்செட் அணிபவர், மது அருந்துபவர் என்றால் இன்னும் சீக்கிரம். நோயாளிக்கு நினைவில்லாவிட்டால், கூட வந்தவரிடம் கேட்கலாம்: சாப்பிடும்போது எப்போதாவது கடுமையாகப் புரையேறியதா?