'கைமணம்' என்னும் சொல்

நம் இலக்கிய இதழ்களில் ஆண்டுக்கு நாலைந்து முறையேனும் ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. எழுதியவர் மாறுவார், ஊர் மாறும், கட்டுரை மாறாது. விறகடுப்பு, மண்சட்டி, அம்மியில் அரைத்த மசாலா, மறுநாள் கூடுதலாக ருசித்த மீன்குழம்பு, அதைச் செய்த பாட்டி. கடைசிப் பத்தியில் பாட்டி இறந்துபோவார். 'அந்தக் கைமணம் இனி எங்கே?' என்ற பெருமூச்சோடு கட்டுரை முடியும். நானும் இவற்றை விரும்பிப் படித்தவள்தான். ஆனால் இருபது ஆண்டுகளாகக் காலை ஐந்து மணிக்கு அடுக்களையிலும் ஒன்பதரை மணிக்கு வகுப்பறையிலும் நிற்கிற எனக்கு, இந்தக் 'கைமணம்' என்ற சொல்லின்மீதே இப்போது ஐயம் வந்துவிட்டது.

கைமணம் என்பது என்ன? ஒருத்தி நாற்பது ஆண்டுகள், நாளுக்கு மூன்று வேளை செய்து செய்து கற்ற தொழில்திறன். அதைத் தொழில்திறன் என்று ஒப்புக்கொண்டால் கூலி, நேரம், ஓய்வு என்ற கேள்விகள் எழும். 'கைமணம்' என்று சொல்லிவிட்டாலோ அது பிறவிக் கொடையாகிவிடுகிறது. மல்லிகை மணப்பதற்கு யார் கூலி கொடுப்பார்கள்?

அண்மையில் எங்கள் நகரத்து உணவகம் ஒன்று 'பழந்தமிழர் விருந்து' நடத்தியது. தமிழ் கற்பிப்பவள் என்பதால் சிறப்புரைக்கு என்னை அழைத்திருந்தார்கள். இலைக்கு 1,200 ரூபாய். 'சங்ககாலக் கறிக்குழம்பு' என்று பரிமாறியதில் தக்காளி மிதந்தது, மிளகாய் காந்தியது. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகே இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தவை. சங்கப் புலவர்களின் 'கறி' மிளகையும் குறிக்கும் என்பதை அந்தச் சமையலறைக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கண்ணாடிக் கோப்பையில் வந்த திராட்சைச் சாற்றுக்கு 'யவனத் தேறல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பருகி மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது உண்மைதான். புறநானூற்றின் 56ஆம் பாட்டு அது. 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்ததும் உண்மை. ஆனால் அது மன்னனின் கோப்பை. பொற்கலத்தில் அதை ஏந்தித் தந்த வளையணிந்த பெண்களையும் அதே பாட்டு சொல்கிறது. உணவகத்தின் விளம்பரத் தாளில் மன்னன் இருந்தான்; அவர்கள் இல்லை.

மரபு என்றால் விருந்து மட்டும்தானா? சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகிறது. கூரை இற்று விழுகிறது, கண் திறவாத குட்டிகளோடு நாய் படுத்திருக்கிறது, காளான் பூத்திருக்கிறது. பசியில் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்புக்கு வழியில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். அதுவும் பழந்தமிழர் உணவுதான். அதை எந்த உணவகம் இலை போட்டு விற்கும்?

இன்னும் நெருக்கமான சாட்சி குறுந்தொகை 167. கூடலூர் கிழார் பாடியது. மகளின் புதுக்குடித்தனத்தைப் பார்த்துவந்த செவிலி நற்றாயிடம் சொல்வதாக அமைந்த பாட்டு. அந்தப் புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். துணியை மாற்றவும் இல்லை. தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் நிறைகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாக இருக்கிறதென்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. இல்லறத்தின் இனிமை என்று இதைப் பல ஆண்டுகள் நானே நடத்தியிருக்கிறேன். ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அந்தப் பொண்ணு எப்ப சாப்பிட்டுது மேடம்?"

பாட்டில் விடை இல்லை. என்னிடமும் இல்லை. ஆனாலும் கூடலூர் கிழாருக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் புகையைப் பார்த்தார், அழுக்குத் துணியைப் பார்த்தார், வேலையைப் பார்த்தார். நம் கட்டுரையாளர்கள் குழம்பை மட்டுமே பார்க்கிறார்கள்.

இதெல்லாம் உணர்ச்சிப் பேச்சு என்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 81 விழுக்காடு. ஆண்கள் 26 விழுக்காடு. ஈடுபட்டவர்களிலும் பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இவை 289, 88 என்று ஆயின. ஐந்து ஆண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் சுமையும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

'அப்படியானால் எல்லோரையும் கடையில் சாப்பிடச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். தேவைப்படும்போது, ஆம். சமையலை நான் வெறுக்கவில்லை. ஞாயிறு காலை அவசரமில்லாமல் வைக்கிற வற்றல்குழம்பு எனக்குப் பிடித்த வேலைகளுள் ஒன்று. நான் வெறுப்பது, அதைச் செய்யாத நாளில் குற்றவாளியாக நிற்க வேண்டியிருப்பதை. அம்மியின் சுவை போயிற்றே என்று ஏங்குகிறவர்கள் ஒரு வாரம் குழவியைப் பிடித்துப் பார்க்கட்டும்; கோவை கிரைண்டரின் அருமை தெரியும். கடையில் மாவு வாங்குகிறவளைச் சோம்பேறி என்று எழுதுகிறவர் தம் வீட்டு உளுந்தை ஒருமுறையாவது ஊறவைத்திருக்கட்டும். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, 'தாயின் கையால் உண்பது போய்விடுமே' என்று என் சக ஆசிரியர் ஒருவர் வருந்தினார். ஏழு மணிக்கே வேலைக்குப் பேருந்தைப் பிடிக்கிற தாயை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் கல்லூரிக்கு எதிரே ஒரு மெஸ் இருக்கிறது. 90 ரூபாய்க்கு அளவில்லாச் சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல், ஒரு கூட்டு. கூட்டு சில நாள் நீர்த்திருக்கும். ரசம் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. மலிவான கடைகளில் சுட்ட எண்ணெயையே மறுபடி சுடவைப்பார்கள் என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதனால் அப்பளத்தைத் தொடுவதில்லை. ஆனால் அங்கே அடுப்படியில் நிற்பவருக்குச் சம்பளம் உண்டு. ஞாயிறு விடுமுறை உண்டு. என் அம்மாவுக்கு இரண்டும் இருந்ததில்லை.

அம்மாவின் கடைசி ஆண்டுகளில் ஒருநாள், கண் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அந்த மெஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். வெளியில் சாப்பிடுவது அவருக்குக் கூச்சம். இலையில் ரசம் ஊற்றியதும் ஆவி பறந்தது. கொஞ்ச நேரம் கையை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உட்கார்ந்து சூடாச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு."

வீட்டில் எல்லோரும் அவருடைய ரசத்தைப் புகழ்வோம். அதை அவர் சூடாக உண்டதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இலக்கியம் படித்த மகள்; அவ்வளவு ஆண்டுகள் கேட்கத் தோன்றவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

கட்டுரை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாட்டியின் மீன்குழம்பைப் பற்றி எழுதும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார். தெரியவில்லையென்றால் கட்டுரையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் வீட்டு அடுக்களையில் இப்போது நின்றுகொண்டிருப்பவரிடம் அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.