சுவர் ஏறிக் குதிச்சாத்தான் கேன்சர்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தீங்களே... ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க போர்வைக்குள்ள சாட்டிங்ல இருந்தப்போ, பாத்ரூம் லைட் எரிஞ்சு அணைஞ்சதைக் கவனிச்சீங்களா? மறுபடி மூணரைக்கு? அப்புறம் அஞ்சு மணிக்கு? அது அப்பா. காலையில கேட்டா, 'நைட்டு தண்ணி நிறையக் குடிச்சுட்டேன்டா'னு சொல்லிட்டு பேப்பருக்குள்ள முகத்தை மறைச்சுக்குவார்.

இந்த வாரம் அந்த லைட்டைப் பத்திதான் பேசப்போறோம். 'இது தாத்தாங்க சப்ஜெக்ட் ஆச்சே, நமக்கு எதுக்கு'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உள்ளே உங்க வயசுக்காரங்களுக்கும் ஒரு ஷாக் இருக்கு.

புரோஸ்டேட்... ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் சைஸ்ல இருக்கும். விந்து திரவத்துல ஒரு பங்கு இதோட சப்ளை. சிறுநீர்க் குழாய் இதுக்கு நடுவுல புகுந்துதான் வெளியே வருது. வயசாக ஆக இது பெருத்து, குழாயை நெருக்கும். அப்பாவோட மிட்நைட் விசிட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த சாதா வீக்கம்தான். ஆனா கேன்சர் அதிகமா வர்றது சுரப்பியோட வெளிப்புற ஓரத்துல. அங்கே குழாய் இல்லை. அதனால ஆரம்பத்துல எந்தத் தொந்தரவும் கொடுக்காது. சத்தம் போடுறது ஒருத்தன், ஆபத்தானவன் இன்னொருத்தன்!

இப்ப ஷாக். அமெரிக்காவோட டெட்ராய்ட்ல, வேற காரணங்களால இறந்துபோன 50 வயசுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களோட புரோஸ்டேட்டை டாக்டர்கள் மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க. 1993-ல ரிசல்ட் வந்தது. 30-களில் இருந்தவங்கள்ல 27 சதவிகிதம் பேருக்குத் துளியூண்டு கேன்சரே இருந்தது. 20-களில் இருந்தவங்கள்லயும் 9 சதவிகிதம் பேருக்கு, கேன்சருக்கு முந்தின மாற்றம் தெரிஞ்சது. அட, அது உங்க செட்டு பாஸ்!

பதறாதீங்க. 30 வயசுல புரோஸ்டேட் கேன்சர்னு ஆஸ்பத்திரியில படுத்தவங்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க? ரொம்ப ரொம்ப அபூர்வம். அப்படின்னா அந்தத் துளியில பெரும்பாலானது பல வருஷம் சும்மா தூங்குதுன்னு அர்த்தம். எது எழுந்திரிக்கும், எது கடைசி வரை குறட்டை விடும்? ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைச்சுக்கிறது இதுக்குத்தான்.

அந்த முந்தின மாற்றத்துக்குப் பேர் பி.ஐ.என். ஹாஸ்டல் பாஷையில சொல்றேன். சுரப்பிக்குள்ளே குட்டிக் குட்டிக் குழாய்கள். உள்சுவர் ஓரமா செல்கள் ஒழுங்கா நிற்கும். அதுக்கு வெளியே இன்னொரு வரிசை செல்கள், காம்பவுண்டு சுவர் மாதிரி. உள்ளே இருக்கிற செல்கள் கச்சாமுச்சான்னு பெருகி, நியூக்ளியஸ் ஊதி ரகளை பண்ணினா பி.ஐ.என். சுவர்ல அங்கங்கே ஓட்டை விழுந்திருந்தாலும் யாரும் வெளியே போகலை. சுவரே இல்லாமப் போயி வெளியே பரவினாத்தான் கேன்சர். ரூமுக்குள்ள கத்துற எல்லாப் பசங்களும் செகண்ட் ஷோவுக்கு சுவர் ஏறிக் குதிக்கிறதில்லையே? முன்னாடி பயாப்ஸியில தீவிர பி.ஐ.என். தெரிஞ்சா, உடனே இன்னொரு தடவை ஊசியால குத்திப் பார்ப்பாங்க. இப்ப ஒரே ஒரு இடத்துல மட்டும் இருந்தா அந்த அவசரம் தேவையில்லைங்கிறாங்க. பல இடத்துல இருந்தாத்தான் உஷாராகறாங்க.

பி.எஸ்.ஏ.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கே, அதுல கண்டுபிடிக்க முடியாதா? பி.ஐ.என். அதுல சிக்காது. கேன்சர்ல பி.எஸ்.ஏ. ஏறும், ஆனா சாதா வீக்கத்துலயும் ஏறும், இன்ஃபெக்‌ஷன்லயும் ஏறும். புரோஸ்டேட்டுக்கே உரிய ஆன்டிஜெனை 1970-ல சொன்ன ரிச்சர்ட் ஆப்ளினே, 2010-ல நியூயார்க் டைம்ஸ்ல எழுதி, ஆரோக்கியமா இருக்கிற எல்லாரையும் இதை வெச்சு சலிக்கிறது பெரிய தப்புன்னு விளாசினார். இன்னொரு பக்கம், 2009-ல வந்த ஐரோப்பிய ஆய்வுல, இந்த டெஸ்ட் செஞ்ச குரூப்ல இந்தக் கேன்சரால வர்ற மரணம் சுமார் 20 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. ரெண்டும் உண்மை. அதனாலதான் டாக்டரே 'யோசிச்சு முடிவு பண்ணுங்க'ங்கிறார்.

பயாப்ஸி ரிப்போர்ட்ல இன்னொரு காமெடி. மினியாபொலிஸ்ல முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில இருந்த டொனால்ட் க்ளீசன், 1960-களில் கேன்சரோட வடிவத்தை அஞ்சு படமா வரைஞ்சு மார்க் போட்டார். அதிகமா இருக்கிற ரெண்டு வடிவத்தோட மார்க்கைக் கூட்டணும். மொத்தம் பத்து. ஆனா இப்ப நடைமுறையில பயாப்ஸிக்குக் குறைஞ்சபட்ச மார்க்கே 6! பத்துக்கு ஆறுன்னு பார்த்து வீடே அழும். நிஜத்துல அதுதான் இருக்கிறதுலயே சாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014-ல நிபுணர்கள் கூடி 6-ஐ 'குரூப் 1'னு மாத்தினாங்க. பேர் வெக்கிறதுலகூட ஒரு மனுஷனோட தூக்கம் இருக்கு பாருங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 2005-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல நடந்தது. அருள் சின்னையன் டீம். (பேரைப் படிக்கும்போதே காலர் தானா தூக்குதுல்ல?) பொதுவா ஜீன் டேட்டாவுல எல்லாரும் ஆவரேஜைத்தான் பார்ப்பாங்க. உங்க கிளாஸ் ஆவரேஜ் 55-னா, சென்டம் வாங்கின அஞ்சு பேர் அதுல காணாமப் போயிடுவாங்கல்ல? இவங்க அந்த சென்டம் பார்ட்டிகளை மட்டும் தேடினாங்க. சிலர்கிட்ட மட்டும் ஒரு ஜீன் தாறுமாறா வேலை செஞ்சது. தோண்டினா, ஆண் ஹார்மோன் சொன்னபடி கேட்கிற ஒரு ஜீன், இன்னொரு ஜீனோட தப்பா ஒட்டிக்கிட்டிருந்தது. டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2-ஈ.ஆர்.ஜி. மேல்நாட்டு நோயாளிகள்ல சுமார் பாதிப் பேரோட புரோஸ்டேட் கேன்சர்ல இது இருக்கு. சில பி.ஐ.என்.லயும் கிடைச்சிருக்கு. ப்ராஜெக்ட் பண்றவங்க கவனிங்க, புது மெஷின் எதுவும் வாங்கலை. ஏற்கெனவே இருந்த டேட்டாவை வேற கண்ணால பார்த்தாங்க, அவ்வளவுதான்.

கண்டுபிடிச்சா உடனே கத்தியா? பிரிட்டன்ல 1,643 பேரை ஆபரேஷன், கதிர்வீச்சு, சும்மா கண்காணிப்புன்னு மூணாப் பிரிச்சுப் பார்த்தாங்க. 2023-ல 15 வருஷ ரிசல்ட் வந்தப்போ, எந்தக் குரூப்லயும் இந்தக் கேன்சரால இறந்தவங்க 3 சதவிகிதத்தை ஒட்டித்தான். கண்காணிப்பு குரூப்ல நோய் பரவினது அதிகம். ஆபரேஷன் குரூப்ல சிறுநீர்க் கசிவு, தாம்பத்யச் சிக்கல் அதிகம். எதைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு நீங்க அப்பாகூட உட்கார்ந்து பேசவேண்டி வரலாம்.

அப்புறம், தாத்தாவுக்கோ பெரியப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இந்தக் கேன்சர் இருந்ததான்னு வீட்டுல கேட்டு வைங்க. பாட்டி, அத்தை பக்கம் மார்பகக் கேன்சர் இருந்ததான்னும் கேளுங்க. ஏன்னா பி.ஆர்.சி.ஏ.2 ஜீன்ல கோளாறு வந்தா ரெண்டுக்குமே வாய்ப்பு ஏறும். அப்படி ஏதாவது இருந்தா, அப்பா 50 வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே ஒரு யூராலஜிஸ்ட்டைப் பார்க்கலாம்.

இன்னிக்கு ராத்திரி போன் போடுங்க. 'நைட்டு எத்தனை தடவைப்பா எந்திரிக்கிறீங்க?' அவர் வழக்கம்போல, 'இந்தா, அம்மாகிட்ட பேசு'னு கொடுத்துடுவார். விடாதீங்க. அம்மாகிட்ட கேளுங்க... கரெக்ட் கணக்கு அவங்ககிட்டதான் இருக்கும்!