கருப்பைக்குக் கணக்குக் கேட்பது யார்?

இறந்தவர்கள் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குறித்து இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையை நம்பினால் அப்படித்தான். இறந்துவிட்டதாகத் திட்டத்தின் கணினியில் ஏற்கெனவே பதிவான 3,446 நோயாளிகளின் சிகிச்சைக்கென்று 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளுக்கு ஒரே கைபேசி எண்: பத்து ஒன்பதுகள். நாடு சிரித்தது, கொஞ்சம் கோபப்பட்டது, மறந்தது.

இந்தப் பொய்ப் பதிவுகளைவிட எனக்கு அச்சம் தருபவை சரியான பதிவுகள்.

பெயர் சரி, அட்டை எண் சரி, அறுவை நடந்ததற்குச் சான்று இருக்கிறது, கேட்ட தொகையும் வரம்புக்குள் இருக்கிறது. இப்படியொரு பதிவில் எந்தத் தணிக்கையும் குறை காணாது. ஆனால் அகற்றப்பட்ட கருப்பையில் நோயே இல்லை என்றால்?

இது வெறும் ஊகமன்று. 2008இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா யோஜனா, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை காப்பீடு தந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் அத்தகைய அரசுக் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டன என்று மருத்துவர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றம் சென்றார். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்றது அவரது மனு. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் ஏற்றுச் செயல்படுத்துமாறு 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவானது.

‘மருத்துவர்களைச் சந்தேகிக்கலாமா?’ என்று கேட்பார்கள். தனிமனிதரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஏற்பாட்டைப் பார்த்தால் போதும். அறுவைக்கான காரணத்தை எழுதுவது மருத்துவமனை. அறுவை செய்வதும் அதுவே. அந்தக் காரணத்தைக் காட்டிப் பணம் பெறுவதும் அதுவே. இந்த ஆவணத்தில் பெண்ணின் குரல் ஒரு கையெழுத்து அல்லது கைநாட்டு. ‘விட்டால் புற்றுநோய் ஆகிவிடும்’ என்று அவளிடம் வாய்மொழியாகச் சொன்னது எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை.

தரவு என்றால் தரப்படுவது. யார் தருகிறார், யாருக்காகத் தருகிறார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காப்பீட்டுத் தரவு, பணம் கொடுப்பவருக்காகப் பணம் வாங்குபவர் தருவது. ஆகவே அதன் தரத்தைச் சோதிப்பவர்களும் பண இழப்பைத்தான் தேடுகிறார்கள். உடலிழப்பு அவர்களது கணக்குத் தலைப்புகளில் இல்லை.

வேறு வழி இல்லாமலில்லை. 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு, கருப்பை அகற்றப்பட்டதா, எங்கே, ஏன் என்று பெண்களிடமே வீடு தேடிக் கேட்டது. அந்த அறுவைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை என்று தெரிந்தது. பெண்கள் வாய் திறந்ததால் கிடைத்த தரவு அது.

பொதுப் பணத்தில் தனியார் செய்யும் ஒவ்வொரு கருப்பை அகற்றத்துக்கும் இவை பதிவாக வேண்டும்: பெண்ணின் வயது, முன்னதாக மருந்தோ வேறு சிகிச்சையோ தரப்பட்டதா, சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா, அகற்றிய கருப்பையின் திசுப் பரிசோதனை என்ன சொன்னது, ஆறு மாதம் கழித்து அவள் எப்படி இருக்கிறாள். கடைசிக் கேள்விக்கு அவளே பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனைவாரியாக எண்ணிக்கை வெளியிடப்பட வேண்டும். அவளுக்குத் தரும் அறிக்கை அவள் மொழியில் இருக்க வேண்டும்.

அதுவரை, படிக்கத் தெரிந்த நாம் அம்மாவின், சித்தியின், பக்கத்து வீட்டு அக்காவின் மருத்துவமனைக் காகிதங்களை வாங்கிப் படிப்போம். அதில் எழுதியிருப்பதைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லுவோம். ‘உங்களிடம் அவர்கள் சொன்னது இதுதானா?’ என்று கேட்போம்.