நின்று கேட்பதா, இருந்து கேட்பதா?

பெரும் விளையாட்டரங்குகளில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு வாங்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா இது. மைதானத்தில் நின்று கேட்பதற்கு ஒரு சீட்டு. சுற்றுத் தட்டுகளில் அமர்ந்து கேட்பதற்கு இன்னொரு சீட்டு. எதனைக் கொள்வது? இலண்டன் வெம்பிளியிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் எம்மவர் பெருந்தொகையாகக் குடியிருக்கின்றனர். 90,000 ஆசனங்கள் கொண்ட அரங்கு அவர்தம் வீடுகளிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் நிற்கின்றது. மகன் நிற்குமிடச் சீட்டை விரும்புகிறான், தாயோ, "இவ்வளவு காசுங் கொடுத்து ஏன் ராசா கால் கடுக்க நிற்கவேணும்?" என்று கேட்கிறாள். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு.

இசைக் கச்சேரிச் சீட்டைப் பற்றி எழுதுவதற்கு அரசியல் ஏடொன்றில் இடம் எதற்கு எனச் சிலர் முணுமுணுக்கக்கூடும். காசு கொடுத்து வாங்கும் கடதாசித் துண்டு ஒருவனுக்கு எந்த உரிமையைத் தருகின்றது என்னும் வினா எம் போன்றோரின் தொழிலோடு ஒட்டியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலில் கூடும்போது அது உயிரோடும் ஒட்டியதாகி விடுகின்றது.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வூட் எதிர் லெட்பிற்றர் என்னும் வழக்குத் தீர்க்கப்பட்டது. டொன்காஸ்டர் குதிரைப் பந்தயத்துக்குச் சீட்டு வாங்கி உள்ளே நின்ற ஒருவரை, நடத்துவோரின் கட்டளைப்படி கையைப் பிடித்து வெளியேற்றினர். அவர் செய்த குற்றம் எதுவும் காட்டப்படவில்லை. காசும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. இருந்தும் நீதிமன்றம், சீட்டு என்பது வெறும் அனுமதியே; கொடுத்தவன் விரும்பியபோது அதனை மீட்டுக்கொள்ளலாம் எனக் கூறிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின், 1915இல் அறிக்கையிடப்பட்ட ஹேர்ஸ்ற் வழக்கில், படமாளிகை ஒன்றிலிருந்து தவறாக வெளியேற்றப்பட்டவருக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் சார்பாக நின்றது. காட்சி முடியும்வரை இருந்து பார்க்கும் உரிமையை அவர் விலை கொடுத்து வாங்கியுள்ளார் என்பதே அதன் கருத்து. அவுஸ்திரேலிய உயர்நீதிமன்றமோ 1937இல் பழைய தீர்ப்பின் பக்கமே சாய்ந்தது. சீட்டின் வலிமை பற்றிப் பேரறிஞர்களான நீதியரசர்களே இவ்வாறு பிரிந்து நின்றனர் எனின், சீட்டு வாங்கும் பொதுமகன் மயங்குவதில் வியப்பில்லை.

ஆயினும் ஒன்று தெளிவு. ஆசனச் சீட்டில் தட்டு, வரிசை, இலக்கம் ஆகியன அச்சிடப்பட்டுள்ளன. வேறொருவன் அதில் இருப்பானாயின் சீட்டைக் காட்டி எழுப்பலாம். மலசலகூடம் சென்று மீண்டாலும் ஆசனம் அங்கேயே இருக்கும். நிற்குமிடச் சீட்டில் இவ்வாறு எதுவுமில்லை. "இத்தனை ஆயிரம் பேருள் நீயும் ஒருவனாகப் புகலாம்" என்பதே அதன் வாசகம். புகுந்தபின் எவ்விடம் கிடைக்கும் என்பதை அவனவன் தோளும் முழங்கையுமே தீர்மானிக்கின்றன. முன்தடையோரம் இடம்பிடிக்க வேண்டி விடியற்காலையிலேயே வந்து, தாகத்துக்குத் தண்ணீரும் அருந்த அஞ்சி, இரவு பத்து மணிவரை நிற்போர் உளர். குள்ளமானவர்க்கு மூன்று மணிநேரமும் முன்னே நிற்பவரின் பிடரியே காட்சி.

அப்படியாயின் ஆசனமே மேல் எனத் தீர்ப்புக் கூறிவிடலாமா? அவசரப்படுதல் வேண்டா. மைதானத்தின் சமதரையில் கதிரைகளை வரிசையாக அடுக்கி, அவற்றுக்கே மிக உயர்ந்த விலை வைப்பார்கள். முதல் வரிசைக்காரன் எழுந்து ஆடத் தொடங்கினால் இரண்டாம் வரிசை எழும்; இரண்டாவது எழுந்தால் மூன்றாவது எழும். சில நிமிடங்களில் மைதானம் முழுவதும் எழுந்து நிற்கும். அங்கே ஆசனச் சீட்டு என்பது காலுக்கிடையே கதிரை ஒன்று சிக்கிய நிற்குமிடச் சீட்டேயன்றி வேறல்ல. படிப்படியாக உயரும் தட்டிலுள்ள ஆசனமே மெய்யான ஆசனம். அதிலும் மிக உயர்ந்த தட்டில் இருப்பவர் பாடகரைக் காண்பது திரையில்தான். மேடையில் அசைவது எறும்போ மனிதனோ என ஐயுறுவர். தாளத்துக்கு உடலசைக்கத் தூண்டும் இசையைக் கதிரையிற் கட்டுண்டு கேட்பதில் சுவையில்லை என இளைஞர் கூறுவதையும் நாம் மறுக்கவில்லை. எம்முடைய கோயில் வீதிகளில் இரவு முழுவதும் நாதசுரமும் தவிலும் கேட்ட மக்கள் மணலில் அமர்ந்தனர். கால் மரத்தபோது எழுந்து நின்றனர். தூக்கம் வந்தபோது அங்கேயே சாய்ந்தனர். சீட்டும் இல்லை, இந்தச் சிக்கலும் இல்லை. அது கிடக்க.

விலையின் கதை இன்னும் விசித்திரமானது. 2024 ஆகஸ்ட் 31ஆந் திகதி ஒயேசிஸ் குழுவினரின் மறுவருகை நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு விற்கப்பட்டது. மணிக்கணக்காக இணைய வரிசையிற் காத்திருந்தோர், 150 பவுண் அளவில் கிடைக்குமென நம்பிய நிற்குமிடச் சீட்டு 350 பவுணைத் தாண்டி நிற்கக் கண்டனர். முடிவெடுக்கச் சில நிமிடங்களே இருந்தன. ஐக்கிய இராச்சியத்தின் போட்டி, சந்தைகள் அதிகாரசபை இதனை ஆராய்ந்தது. ஒரே நிற்குமிடத்துக்கு இரு விலைகள் வைக்கப்பட்டிருந்தன. மலிவானவை முழுவதும் விற்றுத் தீர்ந்த பின்னரே மற்றவை வெளிவிடப்பட்டன. காத்திருந்தோருக்கு இது சொல்லப்படவில்லை. ஆசனச் சீட்டுக்காரரும் தப்பவில்லை. 'பிளாற்றினம்' என்னும் பெயர் சூட்டப்பட்ட ஆசனங்கள் வழமையான விலையின் ஏறத்தாழ இரண்டரை மடங்குக்கு விற்கப்பட்டன. அவற்றுட் பல அருகிலிருந்த சாதாரண ஆசனங்களிலும் எவ்வகையாலும் மேம்பட்டவையல்ல. பெயருக்கே காசு! 2025 செப்ரெம்பரில், அடுக்கு விலை வைக்கப்படுமாயின் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்னரே அறிவிப்பதாக விற்பனை நிறுவனமான ரிக்கற்மாஸ்ரர் அச்சபைக்கு வாக்களித்தது. காசு போனவர்க்கு அவ்வாக்கால் ஒரு சதமும் மீளவில்லை.

காசு போனால் மீண்டும் உழைக்கலாம். இனி நாம் கூறவிருப்பது உயிரைப் பற்றியது.

1979 டிசெம்பர் 3ஆந் திகதி அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் 'தி ஹூ' என்னும் குழுவினரின் நிகழ்ச்சி. பெரும்பாலான சீட்டுகள் இலக்கமிடப்படாதவை. முந்தி நுழைந்தவனுக்கு முன்னிடம். குளிரில் ஆயிரக்கணக்கானோர் வாயில்களில் நெருங்கி நின்றனர். உள்ளே ஒலிச்சோதனையின் ஓசை கேட்டதும், நிகழ்ச்சி தொடங்கிவிட்டதென எண்ணிப் பின்னிருந்தோர் முண்டினர். திறக்கப்பட்ட கதவுகளோ மிகச் சில. பதினொருவர் உயிரிழந்தனர். அவர்களுள் எவரும் நிற்குமிடத்தில் இறக்கவில்லை. அதனை அடையுமுன், வாயிலுக்கு வெளியே இறந்தனர் என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். கொன்றது நிற்றல் அல்ல. இலக்கமற்ற சீட்டு மக்களிடையே ஓட்டப்பந்தயம் ஒன்றைத் தொடக்கி வைத்தது. அப்பந்தயத்தின் முடிவிடத்தில் பூட்டிய கதவு இருந்தது. அம்மாதமே அந்நகரசபை இலக்கமற்ற சீட்டு முறையைத் தடைசெய்தது. 2004இலேதான் தடை நீக்கப்பட்டது.

பத்தாண்டு செல்லுமுன் இங்கிலாந்து இதனினும் கொடிய பாடத்தைப் பெற்றது. 1989 ஏப்ரில் 15ஆந் திகதி செபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் உதைபந்தாட்டம். கம்பிவேலியால் அடைக்கப்பட்ட நிற்குமிடங்களுள் நடுவில் இருந்தவை நிரம்பி வழிந்தன. பக்கங்களில் இருந்தவற்றில் இடமிருந்தது. வெளியே நெருக்கம் மிகவே பொலிசார் பெருவாயிலொன்றைத் திறந்தனர். ஆனால் நடுப்பகுதிக்குச் செல்லும் சுரங்கவழியை அடைக்க எவரும் எண்ணவில்லை. 97 பேர் மாண்டனர். காயமுற்றுப் பல ஆண்டுகள் வருந்தி 2021இல் இறந்தவர் ஒருவரும் அவருள் அடங்குவர். அன்றே பழி மாண்டவர் மீது சுமத்தப்பட்டது. குடிகாரர், ஒழுங்கற்றவர், தாமே தம்மை மிதித்துக்கொண்டவர் என்றெல்லாம் ஏசப்பட்டனர். அது சட்டப்படி தவறான கொலை எனவும், இரசிகர் மீது குற்றமில்லை எனவும் யூரிகள் கூறியது 2016இல். இருபத்தேழு ஆண்டுகள்! பெற்றோர் பலர் அத்தீர்ப்பைக் கேளாமலே கண்மூடினர்.

அந்நிகழ்வை விசாரித்த நீதியரசர் ரெயிலர், 1990இல் பெரிய அரங்குகள் யாவும் ஆசன அரங்குகளாதல் வேண்டுமென விதந்துரைத்தார். ஆசனமே எல்லா நோய்க்கும் மருந்து என்று அவர் கூறினாரல்லர். வேறெந்தத் தனி ஏற்பாட்டினும் அது மிகுதியாக உதவும் என்றே கூறினார். காரணம் மிக எளிது. ஆசனங்களை எண்ணலாம். எண்ணியதற்கு மேல் ஒரு சீட்டும் விற்க இயலாது. விற்றால் உடனே வெளிப்படும். முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றபின், 2022இல், இங்கிலாந்தின் பெரிய உதைபந்தாட்ட அரங்குகளில் நிற்குமிடம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் இப்பொழுது வரிசைதோறும் இடுப்பளவுக்குத் தடைக்கம்பி உண்டு. ஒரு சீட்டுக்கு ஓரிடம். அதாவது, எண்ணிக்கையுடன் கூடிய நிற்றல்.

இவ்விடத்தில் ஒரு சொல். நெரிசலில் இறந்தோரை "மிதிபட்டு மாண்டனர்" எனப் பத்திரிகைகள் எழுதுவது வழக்கமாகி விட்டது. ஒருவரையொருவர் மிதித்த விலங்குக் கூட்டம் என்னும் பழிச்சொல் அதிலே ஒளிந்துள்ளது. பெரும்பாலும் உண்மை வேறு. ஒரு சதுர மீற்றரில் ஐந்தாறு பேருக்கு மேல் அடைபட்டால் எவனும் தன் விருப்பப்படி அசைய இயலாது. கூட்டம் நீரைப்போல் அலைமோதும். நெஞ்சு விரிய இடமின்றி நின்றபடியே மூச்சு அடங்கும். ஆகவேதான் இங்கிலாந்தின் அரங்கு வழிகாட்டி நூல், நிற்கும் படித்தட்டுகளுக்குப் பத்துச் சதுர மீற்றருக்கு 47 பேர் என மேலெல்லை விதித்தது. முன்னே நிற்பவனின் துன்பம் பின்னே தள்ளுபவனுக்குத் தெரியாது. அதனைக் காணக்கூடியவன் மேடைக்கும் வாயிலுக்கும் பொறுப்பானவனே.

எம் மண்ணிலும் இதன் சாயலைக் கண்டோம். 2024 பெப்ரவரி 9ஆந் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிகரனின் நிகழ்ச்சி நடைபெற்றது. பணம் கொடுத்தோர்க்கு முன்னே ஆசனம், இலவசமாக வந்தோர்க்குப் பின்னே நிற்குமிடம், இடையே தடை. கூட்டம் பெருகியது, தடை தகர்ந்தது, பாட்டு இடைநின்றது. மறுநாள் எம்மிடையே பலர் இளைஞரின் ஒழுக்கக்கேட்டைப் பற்றியே பேசினர். தடையைத் தகர்த்தது சரியென நாம் வாதிடவில்லை. ஆனால் வாயிலைத் திறந்து "யாவரும் வருக" என அழைப்பவன், எத்தனை பேருக்கு இடமுண்டு என்பதையும் வகுத்திருத்தல் வேண்டாமா? ஹில்ஸ்பரோவில் இரசிகர் மீது வீசப்பட்ட சொற்களும் முற்றவெளியில் எம் பிள்ளைகள் மீது வீசப்பட்ட சொற்களும் ஒரே அச்சில் வார்த்தவை.

சீட்டின் பின்புறத்தில் "எவ்வித விபத்துக்கும் நாம் பொறுப்பல்லோம்" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதனைக் கண்டு அஞ்சவேண்டா. தன் கவனயீனத்தால் விளைந்த மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் பொறுப்பில்லையென ஒரு வரியால் ஒதுங்கிக்கொள்ள இங்கிலாந்துச் சட்டம் 1977 முதல் இடந்தரவில்லை. இலங்கையின் 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்கச் சட்டமும் அவ்வழியைப் பின்பற்றியதே. ஆனால் வழக்கில் வென்று பெறும் நட்டஈடு யாருக்கு இனிக்கும்?

ஆகவே எமது கருத்து இது. உடல்வலியும் ஓரளவு உயரமும் உடைய இளைஞன், தோழருடன் சென்று, நிற்குமிடச் சீட்டைத் தாராளமாக வாங்கலாம். அந்த நிற்குமிடம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு இத்தனை பேர் என எண்ணப்பட்டிருத்தல் வேண்டும், அவன் எந்தப் பகுதிக்கு எந்த வாயிலால் செல்லவேண்டும் என்பது சீட்டிலேயே அச்சாகியிருத்தல் வேண்டும். நடுப்பகுதியில் முண்டியடிப்பதிலும், பின்னே சிறிது இடம் விட்டு வெளியேறும் வழியை அறிந்து நிற்பதே நன்று. பிரிவு வகுத்தும் 2021 நவம்பர் 5ஆந் திகதி ஹூஸ்ரன் நகரில் ரிராவிஸ் ஸ்கொற்றின் நிகழ்ச்சியில் பத்துப் பேர் இறந்தனர். ஒன்பது வயதுச் சிறுவனும் அவர்களுள் ஒருவன். எனவே பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோர் நிற்குமிடத்தின் பக்கமே திரும்பலாகாது. முதியோர்க்கும் பிள்ளைகளுக்கும் படித்தட்டு ஆசனமே தகும். அதுவும் மேடையின் பக்கவாட்டில் கீழ்த்தட்டாயின் மிக நன்று. சமதரைக் கதிரைக்குப் பெருவிலை கொடுப்பதை எவர்க்கும் நாம் விதந்துரைக்கோம்.

மறுமுறை முற்றவெளியில் மேடை எழும்பும்போது, மைதானத்தைக் கொடுக்கும் அதிகாரிகள், எத்தனை பேர் நிற்பர், எத்தனை பேர் இருப்பர் என்னும் எண்ணிக்கையை எழுத்தில் வாங்காது அனுமதி வழங்குதல் கூடாது. அவ்வெண் வாயிலிற் பெரிய எழுத்தில் ஒட்டப்படல் வேண்டும். இலவசமாக வருவோர்க்கும் இலக்கமிட்ட சீட்டு முன்கூட்டியே வழங்கப்படல் வேண்டும். புகுவோரை எண்ணுதற்கும், எண் நிரம்பியதும் வாயிலை மூடுதற்கும் அதிகாரமுடைய ஒருவர் அங்கே நிற்றல் வேண்டும்.