தூண்டில் எடுக்குமுன்

விழா ஆண்டையொட்டி நம் மாணவர்க்கு ஒரு சுற்றுலா அமைத்தல் வேண்டும் என்பது பழைய மாணவர் பலரது விருப்பம். விருப்பம் நன்றே. ஆயின் செல்லும் இடம், பஸ், பணம், உணவு அனைத்தையும் பெரியோராகிய நாமே முடிவு செய்து, பிள்ளைகளை ஏற்றிச் சென்று இறக்கிவிடுவதே இதுகாறும் வழக்கமாக உள்ளது. அவ்வழக்கம் மாறுதல் வேண்டும் என்பது நம் கருத்து. ராகலைக்கு வடகிழக்கே, காடு சூழ்ந்து கிடக்கும் ரந்தெனிகல நீர்த்தேக்கத்துக்கு ஒருநாள் மீன்பிடிப் பயணம் செல்வோம்; அதனைத் திட்டமிடும் பொறுப்பை மேல்வகுப்பு மாணவரிடமே ஒப்படைப்போம்.

இதனை ஏன் வற்புறுத்துகின்றோம்? மலையகத்தில் திட்டமிடுதல் நெடுங்காலம் பிறர் தொழிலாகவே இருந்தது. யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்வது என்பதை விடியற்காலையிற் பெரட்டுக்களத்தில் மற்றவர் தீர்மானித்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரைக் கேளாமலே அவர்களை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. இவ்வரலாற்றின் வழிவந்த பிள்ளை, ஒரு நாளையேனும் தானே வகுத்து, தானே நடத்தி, அதன் பயனுக்குத் தானே பொறுப்பேற்றுப் பழகுதல் வேண்டும். புத்தகம் தரவியலாத கல்வி இது.

மலைநாட்டில் மீன்பிடிப்பு என்றதும் ட்ரவுட் மீனே பலர் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரர் 1880களில் அதனை நுவரெலியா ஓடைகளிற் கொணர்ந்து விட்டனர். அது நம்மவர்க்குரிய பொழுதுபோக்காக இருந்ததில்லை. பின்னாளில் அம்மீன் வளர்ந்த ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய வனமாக உள்ளது. அங்கே தூண்டில் போட எண்ணுதல் தகாது. ஆதலின் கீழ்நோக்கிச் செல்வோம். நம் சாரலின் ஓடைகள் பலவும் மகாவலியையே சேர்கின்றன. அம்மகாவலியைத் தொண்ணூற்று நான்கு மீற்றர் உயர அணையால் மறித்து 1986இல் ஆக்கப்பட்டதே ரந்தெனிகல. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் இத்தகைய நீர்த்தேக்கங்களில் இன்று பெருகி வாழ்கின்றது.

மாணவர் முதலில் ஆராய வேண்டுவது காலம். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் பக்கத்தை நனைக்கும்போது நம் உடப்புசல்லாவைச் சாரலில் உலர்காற்று வீசும். தரமான தேயிலைக்குப் பேர்பெற்ற பருவமும் அதுவே. ஐப்பசியில் பிற்பகல்தோறும் இடியுடன் மழை கொட்டும். புரட்டாசி பிறந்தால் நம் வீடுகள் பலவற்றில் புலால் விலக்கப்படும். ஆகவே ஆவணியின் பிற்பாதி, அதாவது செப்தெம்பர் மாதத்தின் முதலிரு வாரங்கள், எல்லா வகையிலும் பொருந்தும். இம்முடிவைச் சொல்லிக் கொடுத்தல் எளிது. மழைக்கணக்கையும் பஞ்சாங்கத்தையும் வைத்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவது, இசைவு. அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1987இல் சரணாலயமாக்கப்பட்டது. மகாவலி அதிகார சபை, வனவிலங்குத் திணைக்களம், உள்நாட்டு மீன்வளத்துக்குப் பொறுப்பான அலுவலகம் ஆகிய மூன்றுக்கும் மாணவர் தம் கையால் கடிதம் எழுதி, விடைபெற்ற பின்னரே புறப்படுதல் வேண்டும். மறுமொழி வாராவிடின் மீண்டும் எழுதுக. மறுப்பு வரின், தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு நீரையும் பறவையையும் கண்டு திரும்புக. விண்ணப்பம் எழுதத் தெரியாமையால் நம்மவர் இழந்தவை சிறிதல்ல. மாதிரிக் கடிதத்துக்குப் புள்ளி வாங்குவதினும், ஓர் உண்மைக் கடிதத்துக்கு விடை வாங்குதல் மேலானது.

மூன்றாவது, உயிர்க்காப்பு. நீர்நிலைகளில் இளைஞர் மூழ்கி இறந்த செய்தியை ஆண்டுதோறும் பத்திரிகைகளிற் படிக்கின்றோம். அருவியோடும் அணையோடும் வாழும் நம் பிள்ளைகளுட் பெரும்பாலார் நீச்சல் அறியார். நீர் இறங்கிய காலத்துக் கரை காய்ந்த நிலம்போலத் தோன்றும். காலை வைத்தால் சேறு விழுங்கும். ஆதலின் ஒருவரும் நீரில் இறங்குதல் கூடாது. தூண்டில் கரையிலிருந்தே போடப்படும். மிதவைக் கயிறு அருகிலிருக்கும். மணிக்கொரு முறை தலை எண்ணப்படும். மாலையில் யானைகள் நீருக்கு வருமுன் கரையைவிட்டு நீங்குதல் வேண்டும். மலையிலிருந்து கடல்மட்டத்துக்கு மேல் இருநூற்று முப்பது மீற்றர் அளவிலுள்ள நீர்த்தேக்கம் வரை வளைந்திறங்கும் பாதை அது. பகலிலேயே போய்வருதல் வேண்டும். இவ்விதிகளையும் மாணவரே எழுதட்டும். பிறர் விதித்த கட்டளையை மீறத் துடிக்கும் இளைஞன், தான் எழுதிய விதியைக் காப்பான். ஆசிரியர்க்கு ஓர் அதிகாரம் மட்டும் இருக்கட்டும்: இடர் கண்ட இடத்தில் “நிறுத்துக” என்று சொல்லும் அதிகாரம்.

இந்துக் கல்லூரி மாணவர் மீன்பிடிக்கச் செல்வதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அறுபத்து மூவருள் ஒருவராகிய அதிபத்த நாயனார் நாகையில் வாழ்ந்த மீனவர் என்பதை அவர்கட்கு நினைவூட்டுகின்றோம். நாள்தோறும் ஒரு மீனை இறைவனுக்கென்று கடலில் விட்டவர் அவர்; ஒரு மீனே கிடைத்த நாளிலும் அதனையே விட்டவர். நம் மாணவரும் முதல் மீனை நீரில் விட்டுவிடுக. உண்ணும் அளவுக்கு மேற்பட்டதைப் பிடியாது விடுக. புலால் உண்ணாத மாணவன் கணக்கெழுதியும் வரைபடம் வரைந்தும் உடன் வருக. கரையில் ஒரு காகிதத்தையும் விட்டுவாராதிருப்பதே நம் கல்லூரி அங்கே பதித்துவரும் முத்திரையாகட்டும்.

பழைய மாணவரிடம் நாம் வேண்டுவது இரண்டு. பஸ்ஸுக்கும் மிதவைக் கயிற்றுக்கும் வேண்டிய பணத்தைத் தருக; தந்தபின் திட்டத்திற் கைவையாதிருக்க. பிள்ளைகள் வகுத்த திட்டத்தில் சில குறைகள் இருக்கத்தான் செய்யும். உப்பு மறந்து போகும். தூண்டில் முள் போதாமற் போகும். அவற்றால் ஒருவர்க்கும் கேடு வாராது. ஒரு மீனும் கிடையாமல் அவர்கள் திரும்பினும், இசைவுக் கடிதமும் செலவுக் கணக்கும் தலையெண்ணிக்கையும் ஒழுங்காக இருந்தால், அப்பயணம் வெற்றியே என்க.