கணினி விளையாட்டும் பாடவேறுபாடும்

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளை இலக்கியமாக அணுகுவோர் கதையை மட்டும் ஆராய்வது போதாது. பாடத்தையும் ஆராய்தல் வேண்டும். 2019இல் வெளிவந்த ‘டிஸ்கோ எலிசியம்’ இதற்குத் தக்க சான்று. எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ், 2013இல் வெளியான தம் நாவலின் உலகையே இதன் களமாக்கினார். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களாலான இவ்விளையாட்டில், நினைவிழந்த துப்பறிவாளனின் 24 திறன்களும் அவனோடு உரையாடும் அகக்குரல்களாகின்றன. எக்குரல் ஓங்கும் என்பதை ஆடுபவர் திறன்களுக்குப் பகிர்ந்தளிக்கும் புள்ளிகளும், முயற்சியின் வெற்றி தோல்வியை இரு பகடைகளும் முடிவு செய்கின்றன. தோல்வியும் பல இடங்களில் புதிய உரையாடலுக்கே வழிதிறக்கிறது. எனவே இருவர் பெறும் பாடம் ஒன்றாக இராது.

சுவடிகளில் பாடவேறுபாடு பெரும்பாலும் படியெடுத்தோரால் நேர்ந்தது. இங்கோ படைத்தோரே அதனைத் திட்டமிட்டு எழுதியுள்ளனர். ஆதலின் ஒற்றை மூலபாடத்தைத் தேடும் முறை இதற்குப் பொருந்தாது. ஆயினும் பதிப்புணர்வு கைவிடத்தக்கதன்று. 2021இல் வந்த விரிவாக்கப் பதிப்பு, முழுமையான குரல்நடிப்பையும் புதிய பகுதிகளையும் சேர்த்து முந்தையதன் இடத்தைப் பெற்றது. எப்பதிப்பு, எத்திறன்கள், எத்தேர்வுகள் என்பவற்றைக் குறிப்பிடாத மேற்கோளைப் பிறர் சரிபார்க்க இயலாது. அவற்றைப் பதிவு செய்தல் ஆய்வாளர் கடமை. ஆடியவரின் சேமிப்புக் கோப்பும் சுவடியெனக் காக்கத்தக்கதே.